‘உயரம் பத்தாது’ என்று அனுப்பினார்கள்... மைதான வாசலில் சிலையாக நிற்கிறார்! - சாம் மில்ஸ் கதை

அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்று ஒரு நகரம். அங்கே ‘கரோலைனா பாந்தர்ஸ்’ என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானம் இருக்கிறது. அந்த மைதானத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு ஒரு வழக்கம் உண்டு. ஆள் உயரத்துக்கு ஒரு முரசை வைத்திருப்பார்கள். யாராவது ஒருவர் வந்து, கையை ஓங்கி அதை அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் அரங்கமே அதிரும்.

போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது இந்த வீடியோதான் கண்ணில் பட்டது. இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு அதுவரை பெரிதாக எதுவும் தெரியாது. ‘ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்கள்’ என்ற அளவில்தான் என் ஞானம் இருந்தது. ஆனால், அந்த முரசின் மேல் எழுதியிருந்த இரண்டு வார்த்தைகள் என்னை விடவில்லை. ‘கீப் பவுண்டிங்.’ நம் மொழியில் சொன்னால், ‘விடாமல் அடித்துக்கொண்டே இரு.’

யார் சொன்னது? எப்போது சொன்னது? தேடப்போனால், ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையே அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தது. இந்த வாரம் அவரைத்தான் சந்திக்கப்போகிறோம். பெயர், சாம் மில்ஸ். தொழில், லைன்பேக்கர்.

லைன்பேக்கர் என்றால் யார்?

விளையாட்டு தெரியாதவர்களுக்காக, ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடியோ, எறிந்து பிடித்தோ முன்னேற வேண்டும். 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். தடுக்கும் அணி, பந்தை வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். கபடியில் பாடிவருபவரை மடக்குவது மாதிரி, ஆனால் இங்கே முழு வேகத்தில் மோதல்.

தடுக்கும் அணியின் முதல் வரிசையில் மலை மாதிரி ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்தான் லைன்பேக்கர். அதிலும் நடுவில் நிற்கும் லைன்பேக்கர், தடுப்பு அணியின் மூளை. எதிரணி எப்படி நிற்கிறது, பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று ஓரிரு விநாடியில் கணித்து, மற்றவர்களுக்குக் குரல் கொடுத்து, தானும் பாய வேண்டும். எதிரில் நிற்பவர்கள் ஆறு அடிக்கு மேல் உயரம், 130 கிலோ எடை. அவர்களின் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டும். அவர்களை இடித்துத் தள்ளி உள்ளே போக வேண்டும். அதனால், இந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது உயரத்தைத்தான்.

சாம் மில்ஸின் உயரம் 5 அடி 9 அங்குலம்.

தெருவில் நடந்தால் யாரும் அவரைக் குட்டை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்த மைதானத்தில் அவர் குட்டை.

இரண்டு முறை திரும்பி வந்தவர்

1959 ஜூன் 3-ம் தேதி, நியூ ஜெர்சி மாநிலத்தின் நெப்டியூன் என்ற ஊரில் பிறந்தார் மில்ஸ். பக்கத்திலிருக்கும் லாங் பிராஞ்ச்சில் பள்ளிப் படிப்பு. பெரிய பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அள்ளிக்கொண்டு போகும் நாடு அது. மில்ஸை யாரும் அள்ளவில்லை. மாண்ட்க்ளேர் ஸ்டேட் என்ற கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விளையாட்டுக்கு உதவித்தொகை என்ற பேச்சே கிடையாது.

ஆனால், அங்கேதான் தன் கையெழுத்தைப் பதித்தார். நான்கு வருடங்களில் 501 டாக்கிள்கள். அதாவது, 501 முறை எதிராளியை மடக்கியிருக்கிறார். கல்லூரியின் சாதனை அது. இருந்தும் என்.எஃப்.எல் என்ற பெரிய லீக், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை.

1981-ல் க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி, ‘வந்து முயற்சி செய்து பார்’ என்று ஒரு வாய்ப்பு கொடுத்தது. பயிற்சி ஆட்டங்கள் வரை விளையாடினார். சீசன் தொடங்குவதற்கு முன் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் கனடாவின் டொரன்டோ ஆர்கனாட்ஸ் அணியில் முயன்றார். அங்கேயும் அதே கதை. பெட்டியோடு போனவர் பெட்டியோடு திரும்பினார்.

இரண்டு நாடுகள், இரண்டு லீக், இரண்டு முறை ‘வேண்டாம்.’ அப்போது அவருக்கு வயது 23.

வீடு திரும்பிய மில்ஸ், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்ச் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். போட்டோகிராபியும் மரவேலையும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் பள்ளி அணிக்குத் துணைப் பயிற்சியாளர். கௌரவமான வேலை, மாதச் சம்பளம். பெரும்பாலான கதைகள் இங்கேயே முடிந்துவிடும். ‘அந்தக் காலத்துல நானும் க்ளீவ்லேண்டுல விளையாடினவன்தான்’ என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டு, அப்படியே வயதாகியிருக்கும்.

அனுப்பியவரே செய்த சிபாரிசு

1983-ல் அமெரிக்காவில் யு.எஸ்.எஃப்.எல் என்று ஒரு புது லீக் தொடங்கியது. என்.எஃப்.எல் ஆடாத வசந்த காலத்தில் இவர்கள் ஆடுவார்கள். புது லீக், புது அணிகள், ஆட்கள் தேவை. பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியை உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல் பீட்டர்சனுக்கு மில்ஸின் பெயரைச் சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? க்ளீவ்லேண்டிலிருந்து மில்ஸை அனுப்பிய அதே தலைமைப் பயிற்சியாளர், சாம் ரூடிக்லியானோ!

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. வெளியே போகச் சொன்ன இடத்திலும் மில்ஸ் எப்படி உழைத்திருந்தால், அனுப்பியவர் மனதிலேயே உறுத்தலாக நின்றிருப்பார்! நாம் தோற்ற இடத்தில் நம்மைப் பார்த்தவர்கள் எல்லாரும் நம் தோல்வியை மட்டும் பார்ப்பதில்லை. சிலர் நாம் உழைத்த விதத்தையும் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்டார்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம் மோரா. 5 அடி 9 அங்குல லைன்பேக்கரைப் பார்த்து முதலில் அவருக்கும் தயக்கம்தான். ஆனால், பயிற்சி தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது. சக வீரர்கள் மில்ஸுக்கு ‘வயல் எலி’ என்று அர்த்தம் வரும் பட்டப்பெயரே வைத்தார்கள். கேலியாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால், பெரிய உருவங்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, பந்து வைத்திருப்பவரின் இடுப்பைப் பிடித்துச் சாய்க்கும் எலி அது. மோதலில் யார் தாழ்ந்து போகிறாரோ அவருக்கே பலம் என்பது இந்த விளையாட்டின் பால பாடம். ஆறரை அடி ஆட்கள் குனிந்து குனிந்து கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை, மில்ஸுக்குப் பிறவியிலேயே இருந்தது. எதைக் குறை என்று சொல்லி அனுப்பினார்களோ, அதையே ஆயுதமாக்கிக்கொண்டார்.

லீக் நடந்த மூன்று வருடங்களும் ஸ்டார்ஸ் இறுதிப்போட்டிக்குப் போனது. 1984-லும் 1985-லும் கோப்பையும் வென்றது.

ஆனால், லீக் தாக்குப்பிடிக்கவில்லை. ‘என்.எஃப்.எல் ஏகபோகம் செய்கிறது’ என்று வழக்குப் போட்டார்கள். 1986-ல் தீர்ப்பு வந்தது. ‘ஆமாம், ஏகபோகம்தான்’ என்றது நீதிமன்றம். நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 1 டாலர்! சட்டப்படி அதை மூன்று மடங்காக்கி, 3 டாலர். வழக்கில் ஜெயித்த லீக், இழுத்து மூடப்பட்டது.

கதவு திறந்தது

அதே 1986-ல் ஜிம் மோரா, என்.எஃப்.எல் லீக்கின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கையோடு மில்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். முதல்முறை கதவைத் தட்டி ஐந்து வருடம் கழித்து, 27 வயதில் என்.எஃப்.எல் வீரர் ஆனார் மில்ஸ். பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது அது.

செயின்ட்ஸ் அப்போது எப்படிப்பட்ட அணி? 1967-ல் தொடங்கியதிலிருந்து, தோல்வியைவிட வெற்றி அதிகமான சீசன் ஒன்றுகூட இல்லாத அணி. மோராவும் மில்ஸும் வந்த இரண்டாவது வருடமே, 1987-ல், 12 வெற்றி, 3 தோல்வி. முதன்முறையாக பிளே-ஆஃப்.

மில்ஸ், ரிக்கி ஜாக்சன், பாட் ஸ்விலிங், வான் ஜான்சன். இந்த நான்கு லைன்பேக்கர்களுக்கும் சேர்த்து, ‘டோம் பேட்ரோல்’ என்று பெயர் வந்தது. கூரை போட்ட அரங்கத்தின் காவல்படை என்று வைத்துக்கொள்ளலாம். 1992 சீசனில் நான்கு பேருமே ‘ப்ரோ பௌல்’ என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். ஒரே அணியிலிருந்து நான்கு லைன்பேக்கர்கள் போனது அதுவே முதல்முறை. ‘நான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே சிறந்த வீரர் மில்ஸ்தான்’ என்ற அர்த்தத்தில் மோரா பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அணி நான்கு முறை பிளே-ஆஃப் போயும், ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. மில்ஸின் கதையை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

36 வயது, 36 கஜம்

1995-ல் கரோலைனா பாந்தர்ஸ் என்ற புத்தம் புது அணி உருவானது. அதன் தலைமைப் பயிற்சியாளர் டாம் கேப்பர்ஸ், ஸ்டார்ஸ் காலத்திலிருந்தே மில்ஸை அறிந்தவர். 36 வயது மில்ஸ் அங்கே போனார்.

புது அணி முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. ஆறாவது ஆட்டம், அக்டோபர் 15. நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன். எதிரணி எறிந்த குட்டிப் பந்தை நடுவில் புகுந்து பறித்தார் மில்ஸ். அப்படியே ஓடினார். 36 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். பாந்தர்ஸ் தன் வரலாற்றின் முதல் வெற்றியை அன்றைக்குத்தான் பெற்றது. 36 வயதுக்காரர் 36 கஜம் ஓடியது, யாரோ எழுதிவைத்த கணக்கு மாதிரியே இருக்கிறது.

அடுத்த வருடம், 1996-ல், இரண்டாவது சீசனே ஆடும் அணி 12 வெற்றிகளோடு, சூப்பர் பௌல் இறுதிப்போட்டிக்கு ஒரு படி முன்பு வரை போனது. 37 வயது மில்ஸ், அந்த வருடத்தின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலான ‘ஆல்-ப்ரோ’ முதல் அணியில் இடம்பிடித்தார். 1997 சீசனோடு ஓய்வு. மொத்தம் 12 சீசன், 181 ஆட்டங்கள், ஐந்து முறை ப்ரோ பௌல்.

1998-ல் மைதான வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் உயிரோடு, அதே அணியில் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே! தினமும் தன் சிலை நிற்கும் மைதானத்துக்கே வேலைக்குப் போகும் மனிதரைக் கற்பனை செய்து பாருங்கள். அவரோ, இளம் லைன்பேக்கர்களுக்கு எங்கே கால் வைப்பது, எப்போது குனிவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மரவேலை வாத்தியார் திரும்பவும் வாத்தியார் ஆகிவிட்டார்.

அந்த இரண்டு வார்த்தை

2003 ஆகஸ்ட். மில்ஸுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சில மாதங்கள்தான் என்றார்கள் டாக்டர்கள். வயது 44. அதே மாதத்தில், அதே அணியின் லைன்பேக்கர் மார்க் ஃபீல்ட்ஸுக்கும் ஹாட்ஜ்கின்ஸ் என்ற புற்றுநோய் வந்திருந்தது. அணியே இடிந்துபோனது.

மில்ஸ் வேலையை விடவில்லை. கீமோதெரபிக்கும் ரேடியேஷனுக்கும் நடுவில், முடிந்த நாளெல்லாம் பயிற்சிக்கு வந்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு வெற்றி, 15 தோல்வி என்று கிடந்த பாந்தர்ஸ், அந்த சீசனில் 11 ஆட்டங்களில் வென்று பிளே-ஆஃப் வந்தது.

2004 ஜனவரி தொடக்கத்தில், டல்லாஸ் கௌபாய்ஸுடன் மோதுவதற்கு முன்பு, அணியின் முன்னால் பேசினார் மில்ஸ். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ‘எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விட்டுவிடுவது ஒன்று. விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.’

பேசியவர் உடம்பில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். பாந்தர்ஸ் 29-10 என்று ஜெயித்தது. அடுத்து செயின்ட் லூயிஸ், அடுத்து பிலடெல்பியா. பிப்ரவரி 1, ஹூஸ்டன் நகரில் சூப்பர் பௌல். எதிரில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். கடைசி நிமிடம் வரை இழுத்த ஆட்டம். 29-29 என்று சமநிலை. நான்கு விநாடி மிச்சமிருக்கையில் பேட்ரியாட்ஸ் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. 32-29.

பாந்தர்ஸ் தோற்றது.

2005 ஏப்ரல் 18-ம் தேதி, 45 வயதில் சாம் மில்ஸ் இறந்துபோனார்.

இது தோல்விக் கதையா?

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ‘விடாமல் போராடினால் நோயை ஜெயித்துவிடலாம்’ என்று எழுத எனக்கு விருப்பமில்லை. காரணம், அது உண்மை இல்லை. புற்றுநோயில் இறந்துபோனவர்கள் யாரும் போராட்டக் குணம் போதாமல் இறக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்திருப்பார். மன உறுதியில் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை என்று உங்களுக்குத் தெரியும். நோய், குணம் பார்த்து வருவதுமில்லை, போவதுமில்லை.

மில்ஸ் சொன்னதைத் திரும்பப் படித்துப்பார்த்தேன். ‘நான் ஜெயிப்பேன்’ என்று அவர் சொல்லவில்லை. ‘அடித்துக்கொண்டே இருப்பேன்’ என்றுதான் சொன்னார். முடிவு என் கையில் இல்லை, இன்றைக்கு என்ன செய்கிறேன் என்பது என் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சில மாதங்கள் என்று கெடு சொல்லப்பட்டவர், அதற்குப் பிறகு ஏறத்தாழ 20 மாதங்கள் இருந்தார். அந்த மாதங்களைக் காத்திருந்து கழிக்காமல், தனக்குத் தெரிந்ததை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் கழித்தார்.

யோசித்தால், அவர் வாழ்க்கை முழுக்கவே அப்படித்தான். க்ளீவ்லேண்டில் எடுத்துக்கொள்வார்களா என்பது அவர் கையில் இல்லை. லீக் மூடப்படுமா என்பது அவர் கையில் இல்லை. தன் உயரமே அவர் கையில் இல்லை. பந்து வைத்திருப்பவனை நோக்கி அடுத்த அடி வைப்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அதை அவர் ஒருமுறைகூட விடவில்லை.

20 வருடக் காத்திருப்பு

கதை இன்னும் முடியவில்லை. ஒஹையோ மாநிலம் கேன்டனில் இருக்கிறது, ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம். அமெரிக்கக் கால்பந்தின் மிக உயரிய கௌரவம். ஓய்வுபெற்று ஐந்து வருடம் கழித்துப் பெயர் பரிசீலனைக்கு வரும். 20 வருடம் வரை வழக்கமான பட்டியலில் இருக்கலாம். மில்ஸ் பெயர் வருடாவருடம் வந்தது, வருடாவருடம் போனது. இறந்த பிறகும் கதவு சாத்தியேதான் இருந்தது.

20-வது வருடம், கடைசி வாய்ப்பு, 2022. தேர்ந்தெடுத்தார்கள்!

அந்த ஆகஸ்டில் கேன்டன் மேடையில் கணவருக்குப் பதிலாக ஏறிப் பேசியவர், மனைவி மெலனி. அவருடைய மகன் மூன்றாம் சாம் மில்ஸும் பாந்தர்ஸ் அணியிலேயே பல வருடங்கள் பயிற்சியாளராக வேலை பார்த்தவர்தான்.

மில்ஸ் அணிந்த 51-ம் எண் சட்டையை 2005-லிருந்து பாந்தர்ஸில் யாரும் அணிவதில்லை. அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால், 2012-லிருந்து பாந்தர்ஸ் வீரர்களின் சட்டைக் காலருக்கு உள்பக்கம் அந்த இரண்டு வார்த்தைகளைத் தைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சட்டையைப் போடுபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். மில்ஸ் ஆடியதை நேரில் பார்த்தே இராத பையன்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அதைத் தலைவழியே மாட்டிக்கொள்கிறார்கள்.

‘மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது’ என்பார்கள் நம் பெரியவர்கள். நியூ ஜெர்சி மரவேலை வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான வரி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வாரம் உங்களில் யாருக்காவது ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கலாம். வேலைக்கான பதில் மின்னஞ்சல், தேர்வு முடிவு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்... எதுவாகவும் இருக்கலாம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் எழுந்து உங்கள் கையில் இருக்கும் ஒரு வேலையைச் செய்யுங்கள். அதற்கு அடுத்த நாள், அடுத்ததை.

சார்லட்டில் முரசு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு மனிதரோடு சந்திப்போம்!